பட்டியலில் நம் பெயர்

தாராவியில் இப்போது இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் ஊரில் மழை உண்டா என்று விசாரிப்பதில்லை. "நீங்கள் பாத்ரா, அபாத்ரா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். தகுதி உள்ளவர், தகுதி இல்லாதவர் என்பதற்கு மராத்தி சர்க்கார் காகிதங்களில் வரும் இந்த இரண்டு சொற்களையும், மராத்தியில் கையெழுத்துப் போடத் தெரியாத நம் பாட்டிமார்கள்கூடச் சுத்தமாக உச்சரிக்கிறார்கள். 2024 மார்ச்சில் தொடங்கிய வீட்டுக் கணக்கெடுப்பு செய்த காரியம் இது.

விதிகள் தாராவி வாசகர்களுக்கு மனப்பாடம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 600 ஏக்கர் தாராவியைப் புதுப்பித்துக் கட்டும் டெண்டரில் 2022 நவம்பரில் அதானி நிறுவனம் 5,069 கோடி ரூபாய் கேட்டு முதலிடத்தில் வந்தது. 2023-ல் மகாராஷ்டிர அரசு அதை உறுதி செய்தது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு, 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு தாராவிக்கு வெளியே இரண்டரை லட்ச ரூபாயில் வீடு. அதற்கும் பிறகு வந்தவர்களுக்கும், எத்தனை வருஷம் இருந்தாலும் சரி, போட்மாலாவில், அதாவது மேல்தளத்தில், குடியிருப்பவர்களுக்கும் வெளியேதான் இடம். அதுவும் வாடகை கட்டிப் பின்னால் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில்.

அந்த 2000 ஜனவரி 1-ஐ எப்படி நிரூபிப்பது? லைட் பில் கேட்கிறார்கள், போட்டோ பாஸ் கேட்கிறார்கள். எல்லாவற்றிலும் முக்கியமாகக் கேட்கப்படுவது அந்தத் தேதிக்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டா என்பது. பெயர் இருந்தால் வீடு தாராவிக்குள்ளே. இல்லாவிட்டால் முலுண்டோ, தேவ்னாரோ, எங்கேயோ.

அந்த வாக்காளர் பட்டியலைப் பற்றி எழுதத்தான் இன்று பேனாவை எடுத்தேன். இதே நகரத்தில் இன்னொரு காலத்தில், அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். சிறுபான்மையினரின் பாதுகாப்பு என்றால் நாம் போலீஸ் வேனையும் தலைவர்களின் அறிக்கையையும் நினைக்கிறோம். என் அபிப்பிராயம் வேறு. எந்தப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறது, அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பதில்தான் நம் பாதுகாப்பில் பாதி அடங்கியிருக்கிறது.

டெலிபோன் டைரக்டரியிலிருந்து

பழைய கதை இளைஞர்களுக்குத் தெரியாது. 1960-ல் தொடங்கப்பட்ட 'மார்மிக்' என்ற மராத்தி வாரப் பத்திரிகை, பம்பாயின் கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் உத்தியோகம் பார்க்கும் வெளி மாநிலத்தாரின் பெயர்களை வரிசை வரிசையாக அச்சிட்டது. பெயர்களைத் தேட அதிகம் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. டெலிபோன் டைரக்டரி இருந்தது. படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்ற பொருளில் முதலில் தலைப்பு. பின்னால் அது படித்துவிட்டு எழுந்திருங்கள் என்று மாறிற்று. 1966 ஜூன் 19-ஆம் தேதி சிவசேனை பிறந்தது. அக்டோபர் 30-ஆம் தேதி சிவாஜி பார்க்கில் முதல் தசராக் கூட்டம். கூட்டம் கலைந்து போகிற வழியில் தென்னிந்திய ஹோட்டல்கள் மீது கல் விழுந்தது. நூற்றுக்கு எண்பது வேலை மராத்தியருக்கே என்பது கோரிக்கை. நம் லுங்கியை வைத்து ஒரு கோஷமும் கட்டினார்கள். அது இன்னும் பெரியவர்களின் காதில் இருக்கிறது.

மராத்திக்காரர்களுக்குக் குறையே இல்லை, எல்லாம் வேண்டுமென்றே கிளப்பியது என்று சொன்னால் அது நேர்மையாகாது. ரத்தம் சிந்திப் போராடி 1960 மே 1-ஆம் தேதி தனி மாநிலம் வாங்கினார்கள். அடுத்த வருஷத்து ஜனக்கணக்கைப் பார்த்தால் தலைநகரத்தில் மராத்தி பேசுகிறவர்கள் பாதிக்கும் குறைவு. மில்லில் மராத்தித் தொழிலாளி, ஆபீஸில் ஆங்கிலமும் டைப்பும் சுருக்கெழுத்தும் தெரிந்த மதராஸி. நம் ஊரில் இப்படி இருந்தால் நமக்கும் வயிறு எரிந்திருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டியலில் இருந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த பெரிய உத்தியோகஸ்தர்கள். அடி வாங்கியவன் டேபிள் துடைக்கும் ஹோட்டல் பையனும், தலையில் இட்லிப் பாத்திரம் சுமந்தவனும். அவனுக்கு டெலிபோனே கிடையாது. டைரக்டரியில் பெயரும் கிடையாது. பட்டியல் போடுகிறவர்கள் ஒருவரைக் காட்டுவார்கள். கை நீள்கிறவர்களுக்கு எட்டுகிறவன் வேறொருவன்.

பிற்காலத்தில் அதே கட்சிக்குத் தமிழர்கள் ஓட்டுப் போட்டதும் உண்டு, அதில் பொறுப்புக்கு வந்ததும் உண்டு. அதில் வியப்பில்லை. அந்தக் கட்சியின் பட்டியலிலிருந்து நம் பெயர் மெல்ல இறங்கி, வேறு பெயர்கள் ஏறிவிட்டன. நிம்மதியாக மூச்சு விட்டவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

வாக்காளர் பட்டியல் செய்த வேலை

1983 ஜூலையில் கொழும்பில் நடந்ததை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் சிங்களவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே தமிழர் வீடு. வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கூட்டம் எப்படிச் சரியாகத் தமிழன் வீட்டு வாசலில் மட்டும் வந்து நின்றது? கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. ஓட்டுப் போடுவதற்காக நம்பிக்கையோடு பதிந்து கொடுத்த பெயர், வீட்டைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்த வருஷம், 1984 நவம்பர், டில்லி. இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு சீக்கியர் குடும்பங்களைத் தேடிப் போனவர்களிடமும் இத்தகைய பட்டியல்கள் இருந்ததாக விசாரித்தவர்கள் எழுதினார்கள். டில்லியில் மட்டும் இறந்தவர்கள் அரசாங்கக் கணக்குப்படியே 2,733 பேர்.

அப்புறம் நம் பம்பாய். 1992 டிசம்பர் 6-ஆம் தேதி அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்ட அன்று மாலையே தாராவியில் சைக்கிள் ஊர்வலம் போனது. டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இரண்டு கட்டமாக நடந்த கலவரங்களில் சுமார் 900 பேர் மாண்டார்கள். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் 1998-ல் கொடுத்த அறிக்கை, ஜனவரித் தாக்குதல்கள் கடைகளின் பட்டியலும் வாக்காளர் பட்டியலும் கையில் வைத்துக்கொண்டு ராணுவம் போலத் திட்டமிட்டு நடத்தப்பட்டவை என்று சொல்கிறது. இதில் சிவசேனைக்காரர்களின் பங்கையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. அறிக்கை வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அதில் பெயர் சொல்லப்பட்டவர்களில் தண்டனை அடைந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இங்கே தாராவித் தமிழன் யோசிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. தாராவியில் தோல் பதனிடும் தொழிலைக் கொண்டு வந்தவர்களில் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். இங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887-ல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. பிள்ளையார் கோயில் 1913-ல் ஆதிதிராவிடத் தமிழர்கள் எழுப்பியது. ஒரே ஜில்லா, ஒரே பேச்சு, ஒரே தோல் கிடங்கு நாற்றம். 1966-ல் பட்டியல் போட்டவர்களுக்கு இரண்டு பேரும் மதராஸிதான். 1993 ஜனவரியில் பட்டியல் வேறு மாதிரி வந்தபோது ஒருவர் பெயர் அதில் இருந்தது, மற்றவர் பெயர் இல்லை. தமிழன் என்ற சொல் அன்றைக்கு எத்தனை பேருக்குக் கூரையாக இருந்தது? அடைக்கலம் கொடுத்தவர்கள் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. தமிழர் ஒற்றுமை என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த மாதத்தைத் தாண்டிக் குதித்து விடுகிறார்கள்.

கலவரம் அடங்கிய பிறகு தாராவியில் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். பாவு கோர்டே என்ற மராத்திக்காரரும் வகார் கான் என்ற முஸ்லிமும் சேர்ந்து தெருத் தெருவாக மொஹல்லா கமிட்டி வேலை செய்தார்கள். ஒரு விநாயகர் ஊர்வலம், ஒரு தொழுகை நாள் வந்தால் போலீஸார் வருவதற்கு முன்பே இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் முச்சந்தியில் நிற்பார்கள். அந்தந்தத் தெருவில் வம்புக்கு யார், சமாதானத்துக்கு யார் என்று அவர்களுக்குத் தெரியும். அதுவும் ஒரு வகைப் பட்டியல்தான், மனசில் வைத்திருந்தார்கள்.

தயவாக வந்த ரேஷன் கார்டு

"வரதாபாய் இருந்திருந்தால் நம்மைத் தொடுவார்களா?" என்று மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்கும்போது இன்றும் யாராவது ஒருவர் சொல்கிறார். 1988-ல் இறந்துபோன வரதராஜ முதலியாரை 1987-ல் வந்த 'நாயகன்' படம் பாதி தெய்வமாக்கி வைத்துவிட்டது. ஏழைத் தமிழனுக்கு ரேஷன் கார்டும் குடிசைக்குத் தண்ணீரும் கிடைக்க அவர் வழி செய்தார் என்று பெரியவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் கார்டு அவர் வீட்டுச் சொத்தா? இந்த நாட்டுப் பிரஜைக்கு வார்டு ஆபீஸ் ஜன்னலில் உரிமையாக வந்திருக்க வேண்டியது, கள்ளச்சாராய வியாபாரி ஒருவரின் தயவாக வந்தது. தயவாக வந்ததற்குக் கூலி உண்டு. அந்தக் கூலியை அந்தக் காலத்து இளைஞர்கள் பலர் கொடுத்தார்கள். சிலர் லாக்கப்பில், சிலர் வெட்டுக் காயத்தில். தமிழன் என்றாலே தாதா, கள்ளச்சாராயம் என்று ஒரு கெட்ட பெயரும் அதோடு சேர்ந்து நமக்குக் கிடைத்தது. ஹிந்திப் படக்காரர்கள் அதை வைத்து எத்தனை வருஷம் பிழைத்தார்கள்!

இன்றைக்கும் தாராவிச் சந்துகளில் "உன் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு ஏஜெண்டுகள் திரிகிறார்கள். காசு வாங்குகிற வரதாபாய்கள். அவர் அளவுக்கு மீசை மட்டும் இல்லை.

மூன்றாவது கட்டம்

ரயில்வேயில் பெயர்களை எழுதிப் பிழைக்கிறவன் நான். பணிப்பதிவேட்டில் ஒரு எழுத்து மாறியிருந்தால் அந்த மனிதர் வேலையில் இருக்கும் முப்பது வருஷமும் தெரியாது. ஓய்வூதியம் வாங்கும் அன்றைக்குத்தான் தெரியும். அதனால் இதைக் கொஞ்சம் விரித்து எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகாராஷ்டிரத்து விண்ணப்பங்களில் பெயருக்கு மூன்று கட்டம் இருக்கும்: தன் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், குடும்பப் பெயர். நமக்கு முன்னே ஒரு இனிஷியல் உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. அந்த மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது? நாடார், தேவர், முதலியார், ஐயர் என்று ஜாதியை எழுதியவர்கள் தப்பித்தார்கள். ஊரில் விட்டுத் தொலைத்த ஜாதியைப் பம்பாய் விண்ணப்பத்துக்காக மறுபடி ஒட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஜாதியை எழுத விரும்பாதவர்கள், எழுதினால் இழிவு வரும் என்று அஞ்சியவர்கள், தாத்தா பெயரை எழுதினார்கள், ஊர்ப் பெயரை எழுதினார்கள், சிலர் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். எழுதுகிறவர் காதில் விழுந்தபடி தேவநாகரியில் போட்டார். மாடசாமி என்பது ஒரு காகிதத்தில் மாதாசாமி, இன்னொன்றில் மட்சாமி. இசக்கியம்மாள் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். கணவர் பெயரோடு ஒரு இசக்கி, தகப்பன் பெயரோடு ஒரு இசக்கி என்று ஒரே பெண் இரண்டு பெண்களாகிவிடுவாள். லைட் பில் ஒரு இசக்கிக்கு, ஓட்டு இன்னொரு இசக்கிக்கு. பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்திருப்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் முன்னால் இருப்பது இரண்டு ஆள், அவ்வளவுதான். ஒரு வேற்றுமொழிச் சமூகத்துக்கு நடக்கும் அநியாயம் எப்போதும் கல்லோடும் கோஷத்தோடும் வருவதில்லை. பெரும்பாலும் இப்படி ஒரு கொம்புச் சுழி வழியாகத்தான் வருகிறது.

நம் பக்கத்துக் குறை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரு ஓட்டு, இங்கே ஒரு ஓட்டு என்று வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். கோயில் கொடைக்குப் போகும்போது அங்கே, மற்ற நாளில் இங்கே. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். இரண்டு இடத்தில் வைத்திருப்பவர் இரண்டு இடத்திலும் பிடி இல்லாமல் நிற்கிறார். "இவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள்தானே" என்று சொல்லக் காத்திருப்பவன் கையில் நாமே எடுத்துக் கொடுக்கும் காகிதம் அது.

பத்துக் குழந்தைகள்

சட்டம் நம்மைக் கைவிடவில்லை. பிறந்த ஊரைக் காரணம் காட்டிச் சர்க்கார் உத்தியோகத்தில் பாகுபாடு கூடாது என்று அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. நாட்டில் எங்கும் போய்க் குடியிருக்க 19-வது பிரிவு உரிமை தருகிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்று 350ஏ பிரிவு 1956-ல் சேர்க்கப்பட்டது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று என்பது இந்தியாவில் வேறு நகரங்கள் எளிதில் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை. அதற்காக மராத்தி மக்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் இந்த உரிமையில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 1949-ல் மாகாணக் கல்வி மந்திரிகள் கூடி வகுத்த விதிப்படி, ஒரு பள்ளியில் 40 பேர் அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் அந்த மொழிக் குழந்தைகள் இருந்தால்தான் அந்த மொழியில் ஆசிரியர் போட வேண்டும். இத்தகைய குழந்தைகளின் பெயரை முன்கூட்டியே பதிந்துகொள்ள ஒரு பதிவேடு வைக்கும் ஏற்பாடும் பின்னால் சொல்லப்பட்டது. ரயிலில் மட்டுமல்ல, தாய்மொழிக்கும் முன்பதிவு!

இப்போது தாராவியைக் கலைத்துப் பாதிப் பேரை முலுண்டுக்கும் தேவ்னாருக்கும் வேறு இடங்களுக்கும் பிரித்தால் என்ன ஆகும்? ஆட்கள் குறைய மாட்டார்கள். ஆனால் 10 பேர் ஒரு வகுப்பில் சேர மாட்டார்கள். அங்கே நாலு பேர், இங்கே மூன்று பேர். யாரும் தமிழ்ப் பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு போட வேண்டியதில்லை, கணக்கே மூடிவிடும். ஓட்டும் அப்படித்தான். ஒரு வார்டில் பத்தாயிரம் பேர் இருந்தால் கார்ப்பரேட்டர் கும்பிடு போட்டு வருவார். பத்து வார்டில் ஆயிரம் ஆயிரமாக இருந்தால் யாருக்கும் நம்மைத் தெரியாது. நம் பெற்றோர்களே பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்புகிறார்களே என்று கேட்பீர்கள். அனுப்பட்டும். அது அவரவர் விருப்பம். வேண்டாம் என்று நாமாக விடுவது வேறு, வேண்டும் என்று கேட்கிற மீன்காரியின் பிள்ளைக்கும் இல்லாமல் போவது வேறு.

மற்றவர் பெயர்

2008 அக்டோபரில் ரயில்வே வேலைக்குத் தேர்வு எழுத மும்பை வந்த பீகார், உத்தரப் பிரதேசத்துப் பையன்களைத் தேர்வு மையங்களில் நவநிர்மாண் சேனைக்காரர்கள் அடித்து விரட்டினார்கள். எங்கள் இலாகாவில் இன்றும் அதைப் பற்றிப் பேச்சு வரும். 1966-ல் நம்மைச் சொன்ன அதே வார்த்தைகள். பெயர் மட்டும் வேறு. 2025-ல் மீரா ரோட்டில் மராத்தி பேசவில்லை என்று ஒரு கடைக்காரரை அறைந்தார்கள். நம்மவர்கள் சிலர் "நமக்குத்தான் மராத்தி வருமே" என்று சிரித்துக்கொண்டார்கள். வரும், சரி. வராத நாளில் வந்து இறங்கிய நம் தாத்தாக்கள்?

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2023 மார்ச்சில் திருப்பூர்ப் பக்கம் வட இந்தியத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பீகார் சட்டசபை வரை கொந்தளித்தது. பொய் என்று தமிழ்நாடு போலீஸ் நிரூபித்தது, பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது, கலெக்டர்கள் ஹிந்தியில் பேசித் தொழிலாளிகளுக்குத் தைரியம் சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பொய்யை இத்தனை பேர் ஏன் நம்பினார்கள்? வடக்கத்தியான் என்று நம் ஊர் டீக்கடையில் பேசும் பேச்சு கொஞ்சம் அதற்கு உரமாக இருந்ததா இல்லையா? தாராவியில் உட்கார்ந்துகொண்டு உரிமை கேட்கிறவனுக்குத் திருப்பூரில் நடப்பதும் சொந்த விஷயம்தான்.

கணக்கெடுப்புக்கு வருவோம். இந்த முறை எழுதப்படும் பட்டியல் தாளில் இல்லை. வீட்டின் அளவு, குடும்பத்தார் பெயர், அடையாளம், காகிதங்களின் நகல் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகின்றன. 1993-ல் தாள் கட்டைச் சுமந்து போக ஆள் வேண்டியிருந்தது. இன்று ஒரு கைப்பேசியில் தாராவி முழுவதும் அடங்கிவிடும். இந்த விவரங்கள் வீடு ஒதுக்குவதைத் தவிர வேறு எதற்கும், கம்பெனியின் கையிலிருந்து வேறு யாருக்கும் போகாது என்று அரசாங்கம் எழுத்தில் சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. வரைவுப் பட்டியல் வெளியாகும்போது மராத்தியில் ஒட்டிவிட்டுப் போகாமல், தமிழ், உருது, ஹிந்தி தெரிந்த ஒருவரை ஜன்னலில் உட்கார வைக்க வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கு மேல்முறையீடு வரை ஏழைகளை அலைய விடாமல் அங்கேயே திருத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். வெளியே போகிறவர்களை மொழி பார்த்துச் சிதற அடிக்காமல், பள்ளிக்கூடக் கணக்கையும் மனதில் வைத்துச் சேர்த்துக் குடியமர்த்தச் சொல்லி நம் சங்கங்கள் இப்போதே மனுக் கொடுக்க வேண்டும். சங்கங்களுக்கு ஆண்டு விழாவும் பொன்னாடையும் ஒரு வருஷம் நின்றால் தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது. மராத்திக் குடும்பங்களும் கும்பார்வாடா குஜராத்திகளும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். மனுவில் அவர்கள் கையெழுத்தும் சேர்ந்தால் அதை "மதராஸி மனு" என்று ஒதுக்க முடியாது.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று. 2000-க்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரோ தகப்பனார் பெயரோ உள்ள பக்கத்தின் சான்று நகலைத் தேர்தல் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்குங்கள். பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். தேவநாகரி வாசிக்க வராதவர்கள் பக்கத்து வீட்டு மராத்திப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். பத்தாவது படிக்கிற பிள்ளை போதும். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாளுக்கும் பாட்னாவிலிருந்து வந்த ஆளுக்கும் இதையே சொல்லுங்கள். மேல்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் வாடகைச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நனையாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் வையுங்கள். மழைக்காலம் வருகிறது, நம் போட்மாலாக்களின் தகரம் ஒழுகாத வருஷம் கிடையாது.